கம்பளிப்பூச்சி பட்டால் ரத்தம் கொட்டுமா? பிரேசில் டாக்டர்களைத் திணறடித்த ஒரு புழுவின் கதை

1/
கொஞ்சம் நீளமான இழை இது. ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

கதை ஒரு கம்பளிப்பூச்சியைப் பற்றியது. ஊருக்கு ஊர் பேர் மாறும். மொசுக்கட்டை என்பார்கள், மசுக்குட்டி என்பார்கள். பட்டால் அரிக்கும், தடிக்கும், ரெண்டு நாளில் சரியாகிவிடும், அவ்வளவுதானே? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2/
நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலம். மழை சீசன். ராத்திரி ட்யூட்டி. ஏழெட்டு வயதுப் பையனை ஓர் அம்மா தூக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் முருங்கை மரத்தில் ஏறப் போனவன், அடிமரத்தில் அப்பிக் கிடந்த கம்பளிப்பூச்சிக் கூட்டத்தின் மேல் நெஞ்சை வைத்து அழுத்திவிட்டான். நெஞ்சு, வயிறு, கை எல்லாம் சிவந்து தடித்துப் போய்க் கதறிக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே மூன்று பூச்சி, கூடவே ஒரு கொத்து முருங்கை இலை.

"எந்தப் பூச்சின்னு கேப்பீங்கன்னு புடிச்சாந்தேன் சார்."

"அதை எதுக்கும்மா ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு வர்றீங்க? வெளிய போடுங்க முதல்ல" என்று சிடுசிடுத்தேன்.

ஊசி போட்டோம், மருந்து தடவினோம், காலையில் பையன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். நானும் மறந்துவிட்டேன்.

3/
பல வருடம் கழித்து பிரேசில் நாட்டு மருத்துவக் கட்டுரைகள் சிலவற்றைப் படிக்க நேர்ந்தது. படித்து முடித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்தான். அன்றைக்குச் சரியாக நடந்துகொண்டது அந்த அம்மா. தப்பாக நடந்துகொண்டது எம்.பி.பி.எஸ். படித்த நான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இந்த இழை.

4/
வருடம் 1989. பிரேசிலின் தென்கோடி மாநிலம் ரியோ கிராண்டே தோ சுல். அதன் வடபகுதியில் பாசோ ஃபுந்தோ என்று ஒரு நகரம். சுற்றிலும் விவசாயம், பழத்தோட்டம்.

அங்கே ஆஸ்பத்திரிக்கு விவசாயத் தொழிலாளர்கள் வர ஆரம்பிக்கிறார்கள். ஈறில் ரத்தம். உடம்பில் அடிபடாமலே கன்றிப்போன நீலத் திட்டுகள். சிறுநீர் சிவப்பாகப் போகிறது. எப்போதோ ஆறிப்போன பழைய காயத்தில் மறுபடி ரத்தம் கசிகிறது. சிலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. சிலருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு.

5/
இப்போ நீங்கள் அந்த டாக்டர் நாற்காலியில் உட்காருங்கள். என்ன யோசிப்பீர்கள்?

பாம்புக்கடியா? பல் தடம் இல்லை. ரத்தப் புற்றுநோயா? நேற்று வரைக்கும் நன்றாக இருந்த ஆள். டெங்கு மாதிரி ஏதாவது காய்ச்சலா? பிளேட்லெட் எண்ணிக்கை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தால் உறையவே மாட்டேன் என்கிறது.

கேட்டுப் பார்த்தால் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். மரத்தில் சாய்ந்தேன், பழம் பறிக்கக் கை வைத்தேன், கம்பளிப்பூச்சிக் கூட்டம் பட்டது. முதலில் நெருப்பு சுட்ட மாதிரி எரிந்தது. தலைவலி, குமட்டல். அப்புறம் எரிச்சல் குறைந்தது, சரியாயிடுச்சு என்று நினைத்தேன். அதுக்கப்புறம்தான் ரத்தம்.

6/
பிரேசிலில் இந்த மாதிரிப் புழுக்களுக்குத் 'தாத்துரானா' என்று பெயர். அந்த மண்ணின் பூர்வகுடி மொழியான துப்பியிலிருந்து வந்த சொல். 'தாத்தா' என்றால் நெருப்பு, 'ரானா' என்றால் போன்றது. நெருப்பு மாதிரி.

ஆக, சுடும் என்பது ஊருக்கே தெரியும். எந்தத் தாத்துரானா சும்மா சுடும், எந்தத் தாத்துரானா ஆளைக் கொல்லும்? கேள்வி அங்கேதான்.

7/
இந்தப் பூச்சி அறிவியலுக்குப் புதுசா? இல்லவே இல்லை. இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

தென் பிரேசிலில் ரத்தம் கொட்டவைத்த புழு, லோனோமியா ஒப்லிகுவா என்ற அந்துப்பூச்சியின் குழந்தைப் பருவம். அந்த அந்துப்பூச்சிக்குப் பெயர் வைத்தது 1855ஆம் ஆண்டு, பிரான்சிஸ் வாக்கர் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர். அதன் பங்காளி லோனோமியா அக்கெலௌஸுக்கு இன்னும் முன்னாடியே, 1777இல், பீட்டர் கிராமர் என்ற டச்சு வணிகர் பெயர் வைத்துவிட்டார்.

பெயர் வைத்து 134 வருடம் கழித்து பாசோ ஃபுந்தோவில் நோயாளிகள் வருகிறார்கள். டாக்டர்களுக்கு இது என்ன புழு என்று தெரியவில்லை. எப்படி?

8/
காரணம் எளிமையானது. பெயர் வைத்தது இறக்கை முளைத்த பூச்சிக்கு. ஆளைக் கொல்வது இறக்கை முளைக்காத புழு.

அந்தக் காலத்து ஐரோப்பிய சேகரிப்பாளர்களுக்கு வேண்டியது அழகான இறக்கை. கப்பலில் வந்து இறங்கும் பூச்சியை ஊசியில் குத்தி, பெட்டியில் வரிசையாக வைத்து, இறக்கையின் நிறத்தையும் கோட்டையும் பார்த்துப் பெயர் வைப்பார்கள். அது எந்த முட்டையிலிருந்து வந்தது, புழுவாக இருந்தபோது எப்படி இருந்தது, எந்த இலையைத் தின்றது என்பதெல்லாம் பெட்டிக்குள் வராது.

9/
வித்தியாசமாக யோசித்தவர்களும் உண்டு. மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியர், 1699இல் தன் 52ஆவது வயதில் மகளைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரினாமுக்கே கப்பல் ஏறினார். புழுக்களைப் பிடித்து, இலை போட்டு வளர்த்து, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்து வெளியே வரும் வரை காத்திருந்து வரைந்தார். 1705இல் வந்த அவருடைய புத்தகத்தில் புழு, கூட்டுப்புழு, பூச்சி, அது தின்னும் செடி எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும்.

அழகுக்காக மட்டும் செய்த வேலை இல்லை அது. இந்தப் புழுதான் இந்தப் பூச்சி என்று நிரூபிக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர அந்தக் காலத்தில் வேறு வழி கிடையாது.

10/
சரி, லோனோமியாவின் வாழ்க்கையை ஒரு சுற்று பார்ப்போம்.

தாய்ப்பூச்சி இலையில் முட்டை இடுகிறது. பொரித்து வரும் புழுக்கள் தனியாகப் போகாது, கூட்டமாகவே வாழும். ஆறு பருவம், ஒவ்வொரு பருவத்திலும் தோலை உரித்துப் பெரிதாகும். உடம்பு முழுக்க, குட்டிக் குட்டி பைன் மரத்தை நட்டு வைத்த மாதிரி கிளை விட்ட முட்கள். விஷம் அந்த முள்ளில்தான்.

ராத்திரியில் மேலே ஏறி இலை தின்னும். பகலில் கீழே இறங்கி அடிமரத்தில் அப்பிக்கொண்டு அசையாமல் கிடக்கும். நிறமும் மரப்பட்டை மாதிரியே. நாம் சாய்கிற உயரம், கை வைக்கிற உயரம். விபத்து நடப்பது இப்படித்தான். ஒரு புழு இல்லை, ஒரே நேரத்தில் பத்து, இருபது படும்.

11/
வளர்ந்த புழு தரைக்கு இறங்கி, ஈரச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகிறது. அதிலிருந்து வெளியே வருவது, பார்த்தால் காய்ந்த இலை மாதிரி ஓர் அந்துப்பூச்சி. ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு வேறு நிறம். ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று சட்டென்று சொல்ல மாட்டீர்கள்.

அந்தப் பூச்சி எதுவும் சாப்பிடாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்துச் சில நாட்கள் வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டை இட்டுச் செத்துப்போகும். கடிக்காது, கொட்டாது, யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

விளக்கைச் சுற்றுகிற இந்தப் பரதேசியையும், மரத்தில் அப்பிக் கிடக்கிற அந்த எமனையும் பார்த்து ரெண்டும் ஒரே ஆள் என்று யார் சொல்வார்கள்?

12/
இன்னொரு சிக்கல். லோனோமியா இனங்களின் புழுக்கள் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். இனம் பிரிக்க எழுதி வைத்த அடையாளங்கள் பெரும்பாலும் வளர்ந்த பூச்சியை வைத்து எழுதியவை. நோயாளி கொண்டுவருவதோ புழு, அதுவும் நசுங்கிய புழு.

அப்போ என்ன செய்வது? உயிரோடு பிடித்து வந்து, அதே மரத்து இலையைப் போட்டு, ஒவ்வொரு தோலுரிப்பையும் குறித்து வைத்து, பூச்சி வெளியே வரும் வரை சில மாதம் பொறுக்க வேண்டும். பிறகு அதை அருங்காட்சியகப் பெட்டியில் இருக்கும் பூச்சியோடு ஒப்பிட வேண்டும். பாசோ ஃபுந்தோவின் ஆய்வகங்களில் பின்னாளில் லோனோமியாவை முட்டையிலிருந்து பூச்சி வரை வளர்த்துப் பதிவு செய்தார்கள்.

13/
"எந்த இனமா இருந்தா என்ன டாக்டர், ரத்தம் வந்தா ரத்தத்தை நிறுத்துங்க" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ரத்தக்குழாயில் ஓட்டை விழுந்தால் உடம்பு ஒரு குட்டிச் சுவர் கட்டி அடைக்கும். அதற்கான செங்கல், ஃபைப்ரினோஜன் என்ற புரதம். தெற்கத்தி லோனோமியாவின் விஷம், கொத்தனாரை உசுப்பிவிட்டு ஓட்டையே இல்லாத இடத்திலெல்லாம் தேவையில்லாத சுவரைக் கட்ட வைக்கிறது. ஸ்டாக்கில் இருந்த செங்கல் முழுக்கக் காலி. அதற்குப் பிறகு நிஜமாகவே ஓட்டை விழுந்தால் அடைக்க ஒன்றும் இல்லை.

14/
வெனிசுலாவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே கார்மன் லூயிசா அரோச்சா பினாங்கோ என்ற மருத்துவ ஆய்வாளர், 1960களின் கடைசியிலேயே கம்பளிப்பூச்சி பட்டு ரத்தம் கொட்டிய நோயாளிகளைப் பதிவு செய்துவிட்டார். 1969இல் லான்செட் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அது அக்கெலௌஸ். அங்கே தூக்கலாகத் தெரிந்தது, கட்டிய சுவரை இடித்துத் தள்ளுகிற வேலை.

வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டு நோயாளிக்கும் ஈறில் ரத்தம்தான். உள்ளே நடப்பது வேறு. ஒருவருக்குக் கொடுத்த சிகிச்சையை அடுத்தவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட முடியாது. எந்தப் பூச்சி என்று தெரிந்தாக வேண்டும்.

15/
இந்தப் பாடத்தைப் பிரேசில் ஏற்கெனவே ஒரு தடவை படித்திருந்தது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு மருத்துவர் கால்மெட், நாகப்பாம்பு விஷத்துக்கு மாற்று மருந்து கண்டுபிடித்தார். எல்லாப் பாம்புக்கும் இது கேட்கும் என்று நினைத்தார்கள். விட்டல் பிரசில் என்ற பிரேசில் டாக்டர், எங்கள் ஊர்ப் பாம்புக்கு இது கேட்காது என்று நிரூபித்தார். எந்தப் பாம்பின் விஷமோ, அந்த விஷத்தை வைத்துத்தான் மருந்து செய்ய வேண்டும்.

சாவோ பாவ்லோவில் 1901இல் தொடங்கிய புட்டாண்டன் நிறுவனத்துக்கு அவர்தான் முதல் இயக்குநர். விவசாயிகளிடம் அவர் செய்துகொண்ட ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாம்பைப் பிடித்து அனுப்பு, பதிலுக்கு மருந்து வாங்கிக்கொள்.

16/
90 வருடம் கழித்து அதே புட்டாண்டனில்தான் கம்பளிப்பூச்சிக்கும் மருந்து தயாரானது. தென் மாநிலங்களிலிருந்து புழுக்களைச் சேகரித்து அனுப்பினார்கள். முட்களை வெட்டி எடுத்து, சாறு எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஊசி போட்டு, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தார்கள். நம்ம ஊர்ப் பாம்புக்கடி மருந்தும் இதே முறைதான்.

1990களின் நடுவில் மருந்து நோயாளிகளுக்குக் கிடைக்க ஆரம்பித்தது. நேரத்தோடு வந்தவர்களுக்கு ரத்தம் மறுபடி உறைய ஆரம்பித்தது. கண்ணாடிக் குழாயில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கிற அந்தச் சின்னச் சோதனையை வைத்தே, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று கிராமத்து ஆஸ்பத்திரியிலும் முடிவு செய்ய முடிந்தது. பாம்புக்கடிக்கு நாம் இங்கே செய்கிற 20 நிமிடச் சோதனையும் இதே யோசனைதான்.

17/
அதென்ன, அத்தனை காலம் காட்டில் கிடந்த புழு திடீரென்று ஊருக்குள் வந்தது?

ஆய்வாளர்கள் முக்கியமாகச் சொல்வது காடழிப்பு. இந்தப் புழு காட்டு மரங்களின் இலையைத் தின்று வாழ்ந்தது. அந்த மரங்களை வெட்டினோம். அதன் எதிரிகளான ஒட்டுண்ணி ஈக்கள் போன்றவையும் குறைந்தன. புழு பழத்தோட்டத்துக்கு வந்தது. பீச், பிளம், பேரி, அவகாடோ எல்லாம் அதற்கும் பிடித்துப்போனது. பழம் பறிக்க வந்தவர் கை வைத்தார்.

18/
அடையாளம் தெரியாமல் போனால் என்ன ஆகும்? ஒரு சம்பவம் சொல்கிறேன். கனடாவின் மருத்துவ இதழில் 2008இல் வந்தது.

22 வயதுப் பெண். பெருவுக்குச் சுற்றுலா போன இடத்தில், வெறுங்காலோடு நடந்தபோது ஐந்து புழுக்களை மிதித்துவிட்டார். எரிச்சல், தலைவலி. சில மணி நேரத்தில் குறைந்துவிட்டது. பயணத்தைத் தொடர்ந்தார். ஊர் திரும்பிய பிறகுதான் உடம்பில் கன்றிப்போன திட்டுகள் தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

அங்கே இருந்த டாக்டர்கள் யாரும் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை. அவர் சொன்ன அந்தப் புழுக் கதையைத் தள்ளிவிடாமல் பிடித்துக்கொண்டு தேடியதால்தான் லோனோமியா என்று கண்டுபிடித்தார்கள். பிரேசிலிலிருந்து மருந்தும் வரவழைத்தார்கள். ஆனால் நாள் கடந்துவிட்டது. காப்பாற்ற முடியவில்லை.

19/
மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது இல்லையா? எனக்கும்தான். அந்தப் பெண் தப்பு எதுவும் செய்யவில்லை. எரிச்சல் குறைந்தால் சரியாயிடுச்சு என்றுதான் யாருமே நினைப்போம். இந்த நோயின் ஏமாற்று வேலை அதுதான்.

கதை இன்னும் முடியவும் இல்லை. லோனோமியா என்றால் ரெண்டு இனம்தான் ஆபத்து என்று சொல்லிக்கொண்டிருந்தோம். டி.என்.ஏ. வைத்து ஆராய்ந்து 2023இல் வந்த ஒரு கட்டுரை, அந்த ரெண்டையும் தாண்டி இன்னும் பல இனங்களைக் கவனிக்க வேண்டும் என்கிறது. நல்ல செய்தியும் உண்டு. புழுவின் டி.என்.ஏ.வும் பூச்சியின் டி.என்.ஏ.வும் ஒன்றுதான். நசுங்கிய புழுவின் ஒரு துணுக்கு போதும், எந்தப் பூச்சியின் பிள்ளை என்று சொல்லிவிடலாம். முன்பு மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த வேலை.

20/
இப்போ முக்கியமான விஷயம். பயப்படாதீங்க. லோனோமியா மத்திய, தென் அமெரிக்கப் பூச்சி. நம்ம ஊரில் கிடையாது. உங்கள் வீட்டு முருங்கையில் இருக்கும் கம்பளிப்பூச்சி ரத்தம் கொட்ட வைக்காது. வாட்ஸப்பில் யாராவது பிரேசில் புழுவின் போட்டோவைப் போட்டு "தமிழகத்தில் பரவுது" என்று அனுப்பினால் நம்பாதீங்க.

ஆனால் நம்ம ஊர்ப் பூச்சி பட்டாலும் இதைச் செய்யுங்க:

தேய்க்காதீங்க, சொறியாதீங்க. தேய்த்தால் முள் இன்னும் உள்ளே போகும்.
செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்க. முள் அதோடு வந்துவிடும்.
சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்க. போட்டிருந்த துணியை மாற்றுங்க.
ஐஸை ஒரு துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கலாம்.
சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.
கண்ணில் பட்டிருந்தால் கசக்காமல் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்க. முள் கண்ணுக்குள் தங்கினால் பின்னாடி பெரிய பிரச்சினை ஆகும்.
மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108.

21/
கடைசியாக ஒன்று. எது கடித்தாலும், எது பட்டாலும், தூரத்தில் நின்று செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. எந்த மரம், எந்த நேரம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாதீங்க, அதில் ரெண்டாவது கடி வாங்கினவர்கள் உண்டு. போட்டோ கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, சீக்கிரம் வாங்க.

டாக்டர் "அதெல்லாம் எதுக்கு" என்று சிடுசிடுத்தாலும் காட்டுங்க. பொறுமையாகச் சொல்லுங்க.

22/
அந்த முருங்கை மரத்துப் பையனுக்கு இன்றைக்கு இருபதைத் தாண்டியிருக்கும். அவன் அம்மா யாரும் சொல்லிக்கொடுக்காமலே, புழுவோடு சேர்த்து அது தின்கிற இலையையும் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தார். மேரியன் செய்ததும் அதுதான், விட்டல் பிரசில் விவசாயிகளிடம் கேட்டதும் அதுதான்.

அம்மா, இதை எங்கேயாவது படித்தால், அன்றைக்கு அப்படிப் பேசியதற்கு மன்னிச்சுடுங்க.

இப்போதெல்லாம் என் அறைக்கு யாராவது பாட்டிலோடு வந்தால், முதலில் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளியை உட்காரச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டு முருங்கைக்கு அடியில் விளையாடும் பிள்ளைகளின் அம்மா அப்பாவுக்கு இதைப் பகிருங்கள்.